கிர்ஷ்மாட் கோயிலின் வாங்குகள்

மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் திரும்பிப் போவதற்கென்றே ஒரு வட்டமும், அந்த வட்டத்தைச் சுற்றி நாற்பத்துமூன்று வீடுகளும், ஓடைக்கு அப்பால் ஒரு பாறையின் மேல் கோயிலும் இருந்த கிர்ஷ்மாட் என்ற சுவிஸ் மலையூரில், நிதர்சனா குணலிங்கம் தான் எழுதிய இசையை முதன்முதலாக ஓர்கனில் வாசித்த ஈஸ்டர் ஞாயிறன்று, கோயிலுக்குள் சனம் இருந்து கும்பிடுகிற நீள மரவாங்குகளில் ஒன்று கூடிப்போயிற்று.

அதை யாரும் தூக்கி வரவில்லை. யாரும் செய்து வைக்கவும் இல்லை. கோயிலைத் துடைத்து, பூட்டி, திறந்து, மணியடித்து வந்த அலோய்ஸ்தான் முதலில் கண்டுபிடித்தார். அதுவும் வாங்கைக் கண்டல்ல, பாட்டுப் புத்தகம் குறைந்ததைக் கண்டு. வாங்குக்கு ஆறாகப் பதினாறு வாங்குக்கும் புத்தகம் அடுக்குவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. அன்று அடுக்கி முடித்துப் பார்த்தால் கடைசி வாங்கு வெறுமையாக இருந்தது.

“ஆறு புத்தகம் குறையுது. நீ ஏதும் எடுத்தனியா?” என்று ஓர்கன் மாடத்தைப் பார்த்துக் கத்தினார்.

“நான் வாயைத் திறந்து பாடுறதே இல்லை, அலோய்ஸ். எனக்கெதுக்குப் புத்தகம்?” என்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள் நிதர்சனா.

இறங்கி வந்து இருவருமாக எண்ணினார்கள். பதினேழு. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் புதிது நின்றது. புதிது என்று சொல்வதும் பிழைதான், ஏனென்றால் மற்ற வாங்குகளைப் போலவே அதுவும் முந்நூறு வருடத்து முழங்கால்களும் முழங்கைகளும் பட்டுத் தேய்ந்து, அடியில் தூசி படிந்து, யாரோ ஒருத்தி கத்தியால் கீறிய பெயரோடு இருந்தது. அலோய்ஸ் வெளியே ஓடிப்போய்ச் சுவரைக் காலடியால் அளந்தார். எப்போதும் போல முப்பத்தொரு அடி. உள்ளே வந்து அளந்தார். முப்பத்துமூன்று.

ஊர்த்தலைவி வ்ரேனி சீஸ் செய்கிற கொட்டிலிலிருந்து றப்பர்ச் சப்பாத்தோடேயே வந்து, அளவுநாடா பிடித்துத் தானும் ஒருமுறை அளந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த ஊர்க்கூட்டத்தின் குறிப்பில், மாட்டுத் தண்ணீர்த்தொட்டியின் குழாய் பழுதானதற்கும் பனி அள்ளுகிற வண்டிக்கும் இடையில், ‘கோயிலில் ஒரு வாங்கு கூடியிருப்பது கவனத்தில் கொள்ளப்பட்டது; ஆறு பாட்டுப் புத்தகம் வாங்குவது’ என்று எழுதப்பட்டது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

நிதர்சனா பிறந்தது ஓல்ட்டனில். தகப்பன் குணலிங்கம் கரவெட்டியிலிருந்து வந்து, முதியோர் இல்லக் குசினியில் பாத்திரம் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு சூப் கிண்டும் இடம் வரைக்கும் உயர்ந்தவர். புதன் பின்னேரங்களில் ஒரு கோயிலையும் துடைத்தார். சுவிஸில் புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை, தாய்க்குச் சலவைக்கூடத்தில் வேலை, ஆகவே ஒன்பது வயது மகள் தகப்பனோடு கோயிலுக்குப் போனாள். குளிருக்கு ஹீட்டர் என்று நினைத்து ஒரு சுவிட்சைத் தட்டினாள். ஓர்கனின் துருத்தி நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டது.

“அப்பா, இதுக்குள்ள ஆரோ இருக்கினம்!”

“இருந்தா இருக்கட்டும். நீ ஒண்டையும் உடைச்சுப்போடாத,” என்றார் குணலிங்கம், துடைப்பத்தைப் பிழிந்துகொண்டு.

அவள் ஒன்றையும் உடைக்கவில்லை. அந்த மூச்சுக்குப் பின்னாலேயே போனாள். சூரிச் இசைக்கல்லூரியில் படித்தாள், சிறப்புத் தேர்ச்சியோடு வெளியே வந்தாள், முதற்பரிசு யாருக்குமே கொடுக்கப்படாத ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள், பிறகு நாலு வருடம் பையில் ஓர்கன் சப்பாத்தோடு ரயிலேறி இறங்கி, காலையில் ஒரு ஊரில் மரணச்சடங்குக்கும் பின்னேரம் இன்னொரு ஊரில் கலியாணத்துக்குமாக வாசித்துத் திரிந்தாள். “பிள்ளை டொக்டருக்குப் படிக்கேல்லையோ?” என்று கேட்ட சனத்துக்குத் தாய், “அவளுக்குக் கோயில்ல வேலை,” என்று சொல்லுவாள், கேட்டவர்கள் சிவன் கோயில் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போவார்கள். இருபத்தொன்பதாவது வயதில்தான் கிர்ஷ்மாட்டில் நாற்பது வீத வேலை, கிழமைக்கு இரண்டு நாள், கிடைத்தது. மிச்ச நாட்களில் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். வ்ரேனியின் சீஸ் கொட்டிலுக்கு மேலே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தாள்.

அந்த ஈஸ்டருக்குப் பிறகு நடந்தது ஊருக்கு மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. பழைய மேதைகளின் இசையை வாசித்தால் வாங்கு வராது. அவளே எழுதிய ஒன்று முதல்முறை அந்தக் கோயிலில் ஒலித்தால்தான் வரும், அதுவும் எல்லாவற்றுக்கும் வராது. கீழூர் ஹோட்டலின் நூற்றாண்டு விழாவுக்குக் கேட்டு எழுதுவித்த நீளமான இசைக்கு ஒன்றுமே வரவில்லை. நகரத்துப் பத்திரிகை விமர்சகர் அதை ஒரு பக்கம் புகழ்ந்திருந்தார், கிர்ஷ்மாட் சனம் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தது. அலோய்ஸ் அறுபதாவது வயதில் தபால்காரியைக் கட்டியபோது நிதர்சனா எழுதிய மூன்று நிமிடத் துண்டுக்கோ வாங்கு வந்தது, அதன் நுனியில் யாரோ எப்போதோ வைத்து மறந்த பொத்தான் ஒன்றோடு. திங்கட்கிழமைகளில் பேக்கரியில் நின்றவர்கள் அலோய்ஸைப் பார்த்துக் கேட்பார்கள்:

“வந்ததா?”

“இல்லை.”

“நானும் நினைச்சன். நடுவில கொஞ்சம் இழுத்தது.”

மாநிலத்தின் பழம்பொருள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்து இரண்டு நாள் முழங்காலில் நின்று பார்த்துவிட்டு, இந்த வாங்குகள் அனைத்தும் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பாதுகாக்கப்பட்டவை, ஒன்றையும் அகற்றக்கூடாது, இனி வரப்போகிறவற்றையும்தான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

வருடங்கள் போகப் போகக் கோயில் உள்ளே நீண்டது, வெளியே முப்பத்தொரு அடியிலேயே நின்றது, சனம் அந்த நீளத்துக்குள் தன் வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொண்டது. மணப்பெண்கள் முதல்நாளே வந்து நடந்து பழகினார்கள். முழங்கால் வலிக்காரர் பனிக்காலத்தில் உள்ளேயே உலாத்தினார்கள். ஒரே வீட்டை நடுவால் பிரித்துக்கொண்டு இருபது வருடமாகப் பேசாமல் இருந்த ஹன்னெஸ், ஊலி என்ற அண்ணன் தம்பி, ஒருவர் முதல் வாங்கிலும் மற்றவர் கடைசி வாங்கிலுமாக, முன்னெப்போதும் இல்லாத நிம்மதியோடு கும்பிட்டார்கள். பின்வரிசையில் பாடுகிற குரல் முன்வரிசைக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. நிதர்சனா அந்தப் பிந்தலையும் கணக்கில் வைத்து எழுதப் பழகினாள், அப்படி எழுதியவைதான் அவளுடைய பெயரை ஊர்தாண்டிக் கொண்டுபோயின. பாசலில் ஒரு பதிப்பகம் அவளுடைய இசைநோட்டுகளை அச்சிட்டது, வானொலி ஒலிப்பதிவு செய்தது, ஒஸ்லோவிலும் ஸ்ட்ராஸ்பேர்க்கிலும் வேறு கைகள் அவற்றை வாசித்தன. அங்கெல்லாம் கோயில்கள் இருந்த அளவிலேயே இருந்தன.

பதினோராவது வருடம் வாங்கு நாற்பத்தொன்று. அந்த வருடம் செப்டம்பரில் நகரத்துப் பேராலயம் அவளை அழைத்தது. நாலு வரிசைக் கட்டைகள், ஐயாயிரம் குழாய்கள், நூறு வீத வேலை. ஒரு ஓர்கன்காரி கனவில்கூட இரண்டு தரம் யோசிக்கிற இடம். அவள் ஒரே தரம் யோசித்துக் கையெழுத்து வைத்தாள். புதுவருடத்தில் தொடங்குவதென்று பேச்சு.

வ்ரேனி கேட்டுவிட்டு, “கவனத்தில் கொள்ளப்பட்டது,” என்று சொல்லி, பெரிய சீஸ் துண்டொன்றை வெட்டி அவள் கையில் வைத்துவிட்டு, இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அலோய்ஸ் மட்டும் கேட்டார், “அங்க ஆர் எண்ணுவினம்?”

ஒக்டோபர் முதல் கிழமையில், ஊருக்கு மேலே நின்ற கிரவ்ஹோர்ன் மலை நகரத் தொடங்கியது. கருவிகளோடு வந்த பாறை ஆய்வாளர் பன்னிரண்டு நாளுக்குள் சரிவு கீழே வரும் என்றார், வரைபடத்தில் சிவப்புக்கோடு ஒன்றை இழுத்தார். நாற்பத்துமூன்று வீடும் கோட்டுக்குள்ளே. ஓடைக்கு அப்பால் பாறையில் இருந்த கோயில் மட்டும் வெளியே. மாடுகளைப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஓட்டலாம். நூற்றுப்பதினெட்டுச் சனத்தையும் ஏழு ஊர்களில், ஹோட்டல்களிலும் இராணுவ முகாம்களிலும் பிரித்து இருத்துவது என்று அரசாங்கம் திட்டம் அனுப்பியது.

வ்ரேனி கூட்டத்தில் எழுந்து நின்றாள். “ஏழு ஊருக்குப் பிரிச்சால் பிறகு ஒரு ஊராய்ச் சேர்க்க ஆளிருக்காது. எனக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும்.” பிறகு எல்லாரையும் விட்டுவிட்டு ஓர்கன்காரியைப் பார்த்தாள். “வீட்டுக்கு இரண்டு வாங்கு வேணும். ஒண்டில படுக்க, ஒண்டில மற்றதெல்லாம். எண்பத்தாறு. இருக்கிறது நாற்பத்தொண்டு.”

“நான் பதினொரு வருஷத்தில இருபத்தஞ்சுதான் கொண்டுவந்தனான், வ்ரேனி.”

“தெரியும்.”

“எத்தனை நாள் இருக்கு?”

“பன்னிரண்டு. பதினொண்டு எண்டு வை.”

நிதர்சனா சோறு தண்ணியை மறந்து எழுதினாள். இரண்டு நாளில் மூன்று பெரிய இசை; மலையைப் பற்றி ஒன்று, பயத்தைப் பற்றி ஒன்று, கடவுளைப் பற்றி ஒன்று. கால்கட்டைகளை மிதித்து மிதித்துக் கணுக்கால் வீங்கியது, பெரிய குழாய்கள் முழங்கின, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒவ்வொன்றும் முடிய அலோய்ஸ் நடந்துபோய் எண்ணிவிட்டு வந்து தலையை ஆட்டினார். மூன்றாம் நாள் வாசலில் நின்ற சனம் “வந்ததா?” என்று கேட்பதையும் விட்டுவிட்டது. அவள் கட்டைகளின் மேல் கையை வைத்தபடி இருந்தாள். அவர்கள் தன்னிடம் கேட்காமல் நின்றது, கேட்டதைவிடப் பாரமாக இருந்தது.

அப்போதுதான் தம்பிக்காரன் ஊலி, தன் வீட்டுக் கதவைச் சட்டத்தோடு கழற்றி முதுகில் சுமந்துகொண்டு கோயிலுக்குள் வந்தான்.

“மலை வீட்டைக் கொண்டுபோகட்டும். இதை விடமாட்டன்,” என்று மூச்சிரைக்கச் சொல்லி, நடைபாதையில் நிமிர்த்திவைத்து, திறந்து, மூடிக் காட்டினான். திறக்கும்போது ஒரு கிறீச், மூடும்போது அதற்கு ஒரு படி கீழே இன்னொரு கிறீச். “எங்கட அம்மா வாறதும் போறதும் இதுதான்.”

நிதர்சனாவுக்கு எழுதத் தெம்பில்லை. ஆனாலும் அவன் அவ்வளவு தூரம் சுமந்து வந்தானே என்ற மரியாதைக்காக அந்த இரண்டு சுரத்தையும் எடுத்து, ஓர்கனில் ஒரே ஒரு மெல்லிய புல்லாங்குழல் குரலைத் திறந்து, ஒருத்தி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போவது போல ஒரு நிமிடம் வாசித்தாள். கடைசி வாங்கில் இருந்த அண்ணன் ஹன்னெஸ் எழுந்து நின்றுவிட்டார்.

அலோய்ஸ் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். “நாற்பத்துமூண்டு!” என்ற அவர் குரல் பின்னாலிருந்து வந்து சேரச் சற்று நேரமெடுத்தது.

பிறகு ஒருவருக்கும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கோயில் வாசலில் வரிசை நின்றது. கோப்பி அரைக்கிற கைமெஷினோடு வந்தார்கள், தொட்டிலோடு வந்தார்கள், தண்ணீர்ப்பம்பின் பிடியோடு வந்தார்கள், ஒவ்வொரு மணிக்கும் ஒன்று கூட அடிக்கிற கடிகாரத்தோடு வந்தார்கள். செத்துப்போன புருஷன் காலையில் எழும்பித் தொண்டையைச் செருமுகிற விதத்தைச் செய்துகாட்டவென்று ஒருத்தி வெறுங்கையோடு வந்து, செய்துகாட்டி, தானே சிரித்தாள். நிதர்சனா ஒவ்வொருவரையும் ஓர்கனுக்குப் பக்கத்தில் இருத்திக் கேட்டாள். உங்கட வீட்டில மழை பெய்தால் முதலில் எங்க கேட்கும், படியில எந்தப் படி பேசும், ஆர் முதல் எழும்புறது. கேட்டுக் கேட்டு எழுதினாள், எழுதி எழுதி வாசித்தாள், நாளொன்றுக்கு ஐந்து வீடு, ஆறு வீடு. சில வீட்டுக்கு ஒரு வாங்கு வந்தது, சில வீட்டுக்கு இரண்டு. வ்ரேனியின் வீட்டுக்கு மூன்று வந்தது. அதற்காக அவள் ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்டுத் திரிந்தாள்.

ஆறாம் நாள் போஸ்ட் பஸ்ஸில் குணலிங்கம் வந்து இறங்கினார், இரண்டு பெரிய அலுமினியப் பானையும் ஒரு மூட்டை அரிசியும் பருப்பும் ஒரு பைநிறையக் கருவேப்பிலையுமாக. வானொலியில் கேட்டுவிட்டு மனைவி அனுப்பினாளாம். அவளுக்குச் சலவைக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை. அவருடைய ஜெர்மன் குசினி ஜெர்மன். வெட்டு, கழுவு, சூடு, கவனம் என்பதோடு முடிந்துவிடும். ஆனால் நூற்றுப்பதினெட்டுப் பேருக்குச் சமைக்க அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. கோயிலின் பக்க அறையில் அடுப்பை மூட்டினார்.

பத்தாம் நாள் மத்தியானம் வாங்கு எண்பத்தாறைத் தாண்டிவிட்டது. ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. அவரவர் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினார்கள். குணலிங்கம் மகளுக்கு முன்னால் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்:

“எல்லாற்ற வீடும் வாசிச்சாச்சு. உன்ர?”

“நான் போற ஆள்தானே, அப்பா.”

என்றாலும் போய், சீஸ் கொட்டிலுக்கு மேலிருந்த தன் அறையில் நின்று காது கொடுத்தாள். பதினொரு வருடமாகத் திறக்காத பெட்டிகள் சுவரோரம் இருந்தன. குளிர்சாதனப் பெட்டி முனகியது. திரும்பிவந்து அதை வாசித்தாள், பிழையில்லாமல்தான் வாசித்தாள். அலோய்ஸ் வழக்கத்தைவிட மெதுவாக நடந்துபோய், வழக்கத்தைவிட மெதுவாகத் திரும்பிவந்தார். அவர் வாய் திறக்க முதலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போது வந்தது.

“எங்கட வாங்கில இடமிருக்கு,” என்றார் அலோய்ஸ். “நீயும் அப்பாவும் அங்க. வேற கதையில்லை.”

பதினோராம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு மலை வந்தது. அதற்குள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். வ்ரேனி நடந்து நடந்து எண்ணி, நூற்றுப்பதினெட்டும் குணலிங்கமும் பாறை ஆய்வாளரும் என்று எழுதிக்கொண்டாள். ஜன்னல்கள் மஞ்சளாகி, மண்ணிறமாகி, இருண்டன. நிலம் கீழே எங்கோ உறுமியது. நிதர்சனா தன்னுடைய எதையும் வாசிக்கவில்லை. எல்லாருக்கும் வாய்ப்பாடமான பழைய பாட்டொன்றைத் தொடங்கினாள், முன்வரிசை பாடியது, நடுவரிசை பாடியது, முன்வரிசை முடித்த பிறகும் பின்வரிசையின் குரல் வந்துகொண்டே இருந்தது. அது வந்து சேர்ந்து ஓய்ந்தபோது வெளியே சத்தமில்லை.

கதவைத் திறந்தார்கள். மலை ஊரின் மேல்பக்கத்துப் பதினான்கு வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் சீஸ் கொட்டிலையும் அதன் மேலிருந்த அறையையும் மூடிவிட்டு, ஊர்த் தண்ணீர்த்தொட்டிக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. ஒரு உயிருக்கும் சேதமில்லை. காணாமல் போன பூனைகூட மூன்றாம் நாள் கல்தூசி பூசிக்கொண்டு வந்து, தன் வீட்டு வாங்கு எதுவென்று தேடிப் பிடித்துப் படுத்தது.

மிச்ச வீடுகளும் இன்னும் சிவப்புக்கோட்டுக்குள்ளேயே இருந்ததால், அந்தப் பனிக்காலம் முழுக்கக் கிர்ஷ்மாட் கோயிலுக்குள் இருந்தது. வாங்குக்கு வாங்கு திரைகட்டினார்கள். தபால்காரி வாங்கு இலக்கம் பார்த்துக் கடிதம் கொடுத்தாள். ஐம்பத்தெட்டாவது வாங்கில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஒரே வீட்டின் பெயரில் வந்த வாங்குகள் அடுத்தடுத்து நின்றதால் ஹன்னெஸும் ஊலியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டி வந்தது. இருவருக்கும் நடுவில் அந்தக் கதவை நிறுத்தினார்கள், பேசவேண்டியிருந்தால் திறந்து பேசிவிட்டு மூடினார்கள், மாசி மாதமளவில் மூட மறந்தார்கள். சனம் பருப்பையும் சோற்றையும் கையால் பிசைந்து தின்னப் பழகியது. குணலிங்கம் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரிக்கிற அவர்களுடைய றோஸ்ற்றியைச் செய்யப் பழகி, அதற்குள் கடுகு தாளித்து, இனி அது அப்படித்தான் என்று ஆக்கிவிட்டார். முதியோர் இல்லத்துக்கு ஓய்வுக் கடிதத்தையும் அங்கிருந்தே எழுதினார்.

நகரத்துப் பேராலயத்துக்கு நிதர்சனாவும் ஒரு கடிதம் எழுதினாள், வர முடியாது என்று. அவர்கள் நாலு பேர் நேரில் வந்தார்கள். வாசலிலிருந்து ஓர்கன் வரைக்கும் நடந்தார்கள்; குழுத்தலைவர் எழுபதாவது வாங்கில் ஒரு குடும்பத்தோடு இருந்து களைப்பாறி, அவர்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

“நூறு வீதமும் வேணுமெண்டு எங்களுக்கு ஒரு பிடிவாதமும் இல்லை,” என்றார் கடைசியில். “அறுபது எங்களுக்கு. நாற்பது இவையளுக்கு. சரியா?”

“சரி,” என்றாள் நிதர்சனா. இவ்வளவு லேசாக முடியக்கூடிய ஒன்றை மூன்று மாதம் சுமந்தோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பங்குனிக் கடைசியில் ஊர்க்கூட்டம் கோயிலிலேயே கூடியது. வீடுகளை ஊரின் கீழ்ப்பக்கம் திரும்பக் கட்டுவதெல்லாம் முடிவான பிறகு, கடைசி விஷயமாக வ்ரேனி வாசித்தாள்: கோயில் பாறைக்குப் பக்கத்து ஊர்நிலத்தில் ஓர்கன்காரிக்கு ஒரு வீடு கட்டிக்கொடுப்பது. சம்பந்தப்பட்டவர் வாக்கெடுப்பின்போது உள்ளே இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே நிதர்சனாவும் குணலிங்கமும் வெளியே வந்து, பாதி உருகிய பனியில், கல்லறைச் சுவரோரம் நின்றார்கள்.

பத்து நிமிடம் போயிற்று. கால்மணி போயிற்று.

“ஏன் பிள்ளை இவ்வளவு நேரம்? சண்டையோ?”

“தூரமப்பா. வ்ரேனி நடந்து நடந்தெல்லோ கை எண்ணவேணும். அதுவரைக்கும் அவையள் கையை இறக்கேலாது.”

அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தப் போட்டியிலும் முடிவுக்காக அப்படி நின்றதில்லை. அரைமணிக்குப் பிறகு கதவு திறந்து அலோய்ஸ் வந்தார், முகம் சிவந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

“எண்பது கை ஆதரவு,” என்றார். “ஒண்டு எதிர்ப்பு.”

நிதர்சனா அவரையே பார்த்தாள். “ஆர்?”

“நான்தான்! வரைபடத்தைப் பார்த்தனியா? மேல்மாடி இல்லை. பியானோவை எங்க வைக்கிறது? அப்பாவும் அம்மாவும் எங்க படுக்கிறது? திரும்பக் கீறச் சொல்லிப்போட்டன். இப்ப இன்னொருக்கா எண்ணப்போகினம், அந்தப் பாவங்களுக்குக் கை உளையுது. இன்னும் கொஞ்சம் வெளியில நில்.” கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஒன்றும் விளங்காமல் நின்ற தகப்பனுக்கு நடந்ததைத் தமிழில் ஒழுங்காகச் சொன்னாள். குணலிங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, கதவைக் காட்டினார்.

“அவர் திரும்பி வந்தால், குசினி எந்தப் பக்கம் எண்டு கேள்.”